ரவுட்டர் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு: கோப்பை ஏற்க மறுக்கிறது, நடுவில் மின்சாரம் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது

கொடிவேரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் வசிக்கும் பள்ளி ஆசிரியன் நான். எங்கள் வீட்டுக்கு உள்ளூர் கேபிள் நிறுவனம் ஒன்றின் ஃபைபர் இணைப்பு வருகிறது. அவர்கள் சுவரில் மாட்டிக்கொடுத்த வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து லேன் கேபிள் வழியாக, நான் 2021-இல் கடையில் வாங்கிய டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரவுட்டருக்கு இணைப்பு போகிறது. வாங்கிய நாள் முதல் இன்றுவரை அதன் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள்நிரலை, ஒருமுறைகூட நான் புதுப்பித்ததில்லை. அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்பதே சென்ற வாரம் வரை எனக்குத் தெரியாது.

வைஃபை கடவுச்சொல்லை மாற்றுவதற்காக 192.168.0.1 என்ற முகவரிக்குள் நுழைந்தபோது, அதில் ஓடிக்கொண்டிருப்பது நான்கு ஆண்டுகளுக்கும் முந்தைய பதிப்பு என்பதைக் கவனித்தேன். உடனே நிறுவனத்தின் தளத்துக்குப் போய், ஆர்ச்சர் சி6 பக்கத்தில் முதலில் கண்ணில் பட்ட கோப்பை இறக்கி, ஃபர்ம்வேர் அப்கிரேடு என்ற இடத்தில் கொடுத்தேன். சில நொடிகளில், கோப்பு பொருந்தவில்லை என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வந்தது. நெஞ்சு திக்கென்றது. நல்லவேளையாக இணையம் வழக்கம்போலவே வேலை செய்கிறது. அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை.

நான் செய்த காரியத்தால் ரவுட்டருக்குள் ஏதேனும் கெட்டிருக்குமா என்பது என் முதல் ஐயம். எங்கள் பகுதியில் மின்சாரம் சொல்லாமல் கொள்ளாமல் போகும். இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் கணத்தில் ரவுட்டர் ஒருமுறை அணைந்து எரிகிறது. புதுப்பிப்பின் நடுவில் அப்படி நடந்தால் கருவி செங்கல்லாகிவிடும், அதாவது எதற்கும் உதவாமல் போய்விடும் என்று படித்தேன், அது உண்மையா? எல்லாவற்றுக்கும் மேலாக, இதைச் செய்யத்தான் வேண்டுமா? மாதக் கட்டணம் வாங்க வந்த கேபிள் அலுவலகத் தம்பியிடம் கேட்டதற்கு, “ஓடற வண்டிய எதுக்குங்க சார் பிரிக்கறீங்க?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். என் மகள் இணையவழி வகுப்புகளை நம்பியிருப்பதால், ரவுட்டரை இழந்து நிற்க எனக்கு மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழையமோடம் எழுதியது:

வணக்கம் ஐயா. உங்கள் ரவுட்டர் அந்தக் கோப்பை மறுத்ததற்காக நீங்கள் மகிழ வேண்டும். நாம் கொடுக்கும் கோப்பு முதலில் ரவுட்டரின் தற்காலிக நினைவகத்தில், அதாவது ரேமில், முழுமையாக வந்து உட்காரும். அது எந்த மாதிரிக்கு உரியது, எந்த வன்பொருள் பதிப்புக்கு உரியது, தயாரித்த நிறுவனத்தின் மின்னொப்பம் சரியாக இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே சோதிக்கப்படும். அதில் தேறிய பிறகுதான் நிரந்தர நினைவகமான ஃபிளாஷில் ரவுட்டர் கை வைக்கும். உங்கள் கோப்பு வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது. உள்ளே ஓர் எழுத்துகூட மாறவில்லை.

மறுத்த காரணம் பெரும்பாலும் ரவுட்டரின் அடிப்பக்கத்தில் எழுதியிருக்கும். கருவியைக் கவிழ்த்து, தூசியைத் துடைத்து, கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தொடர் எண்ணும் மாதிரிப் பெயரும் அச்சிட்ட ஒட்டுத்தாளில், ‘வெர்’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 2.0, 3.0, 3.20, 4.0 என்று ஏதேனும் ஓர் எண் பொடியாக இருக்கும். நிறுவனத்தின் தளத்தில் மாதிரியின் பக்கத்துக்குள் போனால், பதிப்பைத் தேர்ந்தெடுக்கும் சிறு பட்டியல் ஒன்று இருக்கும். நாம் எதையும் தொடாவிட்டால் அது புதிய பதிப்பையே காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் ‘முதலில் கண்ணில் பட்ட கோப்பு’ என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது.

பெயர் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால் ஆர்ச்சர் சி6 என்ற இதே பெயரில் வந்த இரண்டாம் பதிப்பில் இருப்பது குவால்காம் சில்லு. மூன்றாம் பதிப்பில் இருப்பது மீடியாடெக் சில்லு. ஒன்றுக்காக எழுதிய ஃபர்ம்வேர் மற்றொன்றில் எழுந்து நிற்கக்கூட முடியாது. இந்த வழக்கம் இன்று தோன்றியதும் இல்லை. லிங்க்சிஸ் நிறுவனம் 2002-இன் இறுதியில் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற புகழ்பெற்ற நீலநிற ரவுட்டர், 2005-இல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது, வெளித்தோற்றம் அப்படியே இருக்க, உள்ளே லினக்ஸை எடுத்துவிட்டு விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தை வைத்து, ஃபிளாஷ் நினைவகத்தையும் 4 எம்பியிலிருந்து 2 எம்பியாகக் குறைத்திருந்தார்கள். அன்று பெட்டியின் பெயரை மட்டும் பார்த்துக் கோப்பை ஏற்றியவர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். என் பார்வையில், வீட்டில் ரவுட்டரைப் புதுப்பிப்பவர் அஞ்ச வேண்டியது மின்தடையைவிடத் தவறான கோப்பைத்தான்.

இனி மின்தடைக்கு வருகிறேன். ஃபிளாஷ் நினைவகத்தில் நாம் சிலேட்டில் ஓரெழுத்தை அழித்து வேறோர் எழுத்தை எழுதுவதுபோல் எழுத இயலாது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் உள்ள வகையில், பொதுவாக 64 கேபி அளவுள்ள ஒரு கட்டத்தை முழுமையாக அழித்து, அதன் பிறகே அங்கே புதியதை எழுத முடியும். இப்படிக் கட்டம் கட்டமாக அழித்து எழுதிக்கொண்டு போகும் அந்த ஓரிரு நிமிடங்களில் மின்சாரம் நின்றால், பாதி பழையதும் பாதி புதியதுமாக, அல்லது நடுவில் வெற்றிடமாக, ஃபர்ம்வேர் குலைந்து கிடக்கும். ஆகவே நீங்கள் படித்தது பொய்யில்லை.

ஆனால் அதோடு கதை முடிவதும் இல்லை. ஃபிளாஷின் தொடக்கத்தில் பூட்லோடர் என்ற சிறிய நிரல் தனியாக இருக்கும். மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது அதுதான். ஃபர்ம்வேரைத் தட்டி எழுப்புவதும் அதுவே. உலாவி வழியாகச் செய்யும் வழக்கமான புதுப்பிப்பில் பல ரவுட்டர்கள் பூட்லோடரைத் தொடுவதில்லை. எனவே ஃபர்ம்வேர் சிதைந்தாலும் பூட்லோடர் உயிரோடு இருக்கும்; அதனிடம் புதிய கோப்பைக் கொடுக்க வழியும் இருக்கும். எடுத்துக்காட்டாக ஆர்ச்சர் சி7 மாதிரியில், கணினிக்கு 192.168.0.66 என்ற முகவரியைக் கைப்பட அமைத்து, அதில் ஒரு டிஎஃப்டிபி சர்வரை (வலையமைப்பில் கோப்பு வழங்கும் எளிய நிரலை) ஓடவிட்டு, உரிய பெயரிட்ட கோப்பை அதில் வைத்துவிட்டு, ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்தால், அது தானாக அந்தக் கோப்பை இழுத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். முகவரியும் கோப்பின் பெயரும் மாதிரிக்கு மாதிரி மாறும் என்பதால், சி7-க்கு நான் சொன்னதை அப்படியே சி6-இல் செய்து பார்க்க வேண்டாம். செங்கல்லானதாகக் கருதி என்னிடம் கொண்டுவரப்பட்ட கருவிகளில் பல இப்படித்தான் மீண்டன. ஏசுஸ் ரவுட்டர்களிலும் இதே போன்ற மீட்பு நிலை உண்டு. மின்விளக்கு மெதுவாகக் கண்சிமிட்டுவதே அந்த நிலைக்கு அடையாளம்.

இன்வெர்ட்டர் பற்றி: பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறம் அல்லது பக்கவாட்டில் யூபிஎஸ் நிலை என்றொரு சிறு சுவிட்ச் இருக்கும். அது சாதாரண நிலையில் இருந்தால் மாறும் இடைவெளி சற்று நீளும். மின்விசிறிக்கும் குழல்விளக்குக்கும் அது பொருட்டில்லை, ரவுட்டருக்கு அது போதாது. அந்தச் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். அல்லது 12 வோல்ட் ரவுட்டர்களுக்கென்றே விற்கும் மினி யூபிஎஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்குமுன் உங்கள் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதோ அதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எதை வைத்தாலும், புதுப்பிப்பைத் தொடங்குவதற்கு முன் ஒருமுறை வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, ரவுட்டரின் விளக்குகள் ஒரு சிமிட்டலும் இல்லாமல் எரிகின்றனவா என்று சோதித்துவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளையும், மழை மிரட்டும் மாலையையும் தவிர்த்தால் மீதி அச்சமும் தீர்ந்துவிடும்.

லேன் கேபிளில் செய்யச் சொல்வார்கள், செய்யுங்கள். வைஃபையில் செய்தால் வெடித்துவிடும் என்பதெல்லாம் மிகை, ஏனெனில் கோப்பு முதலில் ரேமுக்குத்தான் போகிறது, நடுவில் அறுந்தால் மறுபடி அனுப்பலாம். ஆனாலும் கேபிளில் இருந்தால், வைஃபை அணைந்து எழும் நேரத்தில் நடப்பது என்னவென்று தெரியாமல் பதறி மின்சாரத்தைப் பிடுங்கிவிடும் தவறு நேராது. இப்படிப் பதறிப் பிடுங்கிப் பாழானவற்றை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாமிரபரணி எழுதியது:

பழையமோடம் அவர்கள் எழுதியதோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் ஓர் இணைய சேவை நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் சில ஆண்டுகள் பணியாற்றியவள் என்பதால், ‘செய்யத்தான் வேண்டுமா’ என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு பெட்டிகளையும் பிரித்துப் பாருங்கள். சுவரிலுள்ள வெள்ளைப் பெட்டி ஓஎன்டி எனப்படும் ஒளியிழைக் கருவி. அது கேபிள் நிறுவனத்தின் சொத்து. அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது அவர்களுடைய பொறுப்பு. ஃபைபர் வழியாகவோ, டிஆர்-069 என்ற தொலைநிலை மேலாண்மை முறை வழியாகவோ, அவர்கள் தங்கள் இடத்திலிருந்தே அதைச் செய்ய முடியும். இணையத்தில் அந்தப் பெட்டிக்குக் கோப்பு கிடைக்கிறது என்று யாரேனும் சுட்டி கொடுத்தால் அதைத் தொடாதீர்கள். நிறுவனத்துக்கென்று தனியாக அமைத்த விவரங்கள் அழிந்துபோனால் இணையம் வராமலே நிற்கும், பிறகு ஆள் வந்துதான் தீர வேண்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆர்ச்சரை வேறு யாரும் வந்து புதுப்பிக்க மாட்டார்கள். அது உங்கள் பொறுப்பு.

ஓடுகிற வண்டியைப் பிரிக்க வேண்டாம் என்று அந்தத் தம்பி சொன்னதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. வேகம் கூடும் என்ற நப்பாசையில் ஃபர்ம்வேரை மாற்றுபவர்களுக்கு அது சரியான அறிவுரை. ஆனால் ரவுட்டர் உங்கள் தெருவில் மட்டும் ஓடும் வண்டி அன்று. ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 என்ற வேறொரு மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேலாண்மைப் பக்கத்திலிருந்த ஒரு பிழை 2022 டிசம்பரில் டொராண்டோவில் நடந்த போன்டுஓன் என்ற பாதுகாப்புப் போட்டியில் வெளிப்பட்டது. திருத்திய ஃபர்ம்வேரை நிறுவனம் 2023 மார்ச்சில் வெளியிட்டது. ஏப்ரல் மாதத்திலேயே மிராய் என்ற தீநிரல் கூட்டம், திருத்தத்தை ஏற்றாத ரவுட்டர்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மருந்து கடைக்கு வந்த பிறகு நோய் பரவிய கதை இது. அந்த ரவுட்டர்களும் வெளிப்பார்வைக்கு நன்றாக ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், ஏனெனில் பிடிபட்ட ரவுட்டர் பிறரைத் தாக்கும் வேலையைச் செய்துகொண்டே உங்களுக்கும் இணையத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

அணைத்துப் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரலை சிஸ்கோவின் டாலோஸ் குழு வெளிப்படுத்தியபோது, 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் அது குடியேறியிருந்ததாக மதிப்பிட்டார்கள். அமெரிக்காவின் எஃப்பிஐ, எல்லோரும் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று வேண்டியது. அப்படிச் செய்தால் தீநிரலின் பிற்பகுதிகள் போய்விடும். ஆனால் முதற்பகுதி ஃபிளாஷிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் வெளியேற்ற ஃபேக்டரி ரீசெட்டும் புதிய ஃபர்ம்வேரும் தேவைப்பட்டன.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் டாய்ச்சு டெலிகாம் வாடிக்கையாளர்களின் ஏறத்தாழ 9 லட்சம் ரவுட்டர்கள் செயலிழந்தன. தொலைநிலை மேலாண்மைக்கான 7547 என்ற வாயிலில் (போர்ட்டில்) மிராய் வகைத் தாக்குதல் முயற்சி வந்து மோதியதே காரணம். நிறுவனம் புதிய ஃபர்ம்வேரைத் தயார்செய்து, ரவுட்டரைச் சற்று நேரம் அணைத்துவிட்டுப் போடச் சொன்னது. மீண்டும் எழும்போது கருவி அதைத் தானாக இறக்கிக்கொண்டது. வாயில் திறந்து கிடந்ததால் அடி வாங்கினார்கள், தானியங்கிப் புதுப்பிப்பு இருந்ததால் விரைவில் மீண்டார்கள். நம் நாட்டிலும் 2017 ஜூலையில், ‘அட்மின்’ என்ற இயல்புக் கடவுச்சொல்லை மாற்றாத பிஎஸ்என்எல் மோடம்கள் தாக்கப்பட்டு, கடவுச்சொல்லை மாற்றுமாறு வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்புப் போனது. ஆகவே ஃபர்ம்வேரை மட்டும் புதுப்பித்துவிட்டு மேலாண்மைக் கடவுச்சொல்லைப் பழையபடி விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து மேலாண்மை செய்யும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதி அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அக்கரைச்சீமை எழுதியது:

மேலே இருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இதில் நான் ஒன்றரை நாள் தவித்தவன்.

என் புதுப்பிப்பு எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்தால் நல்லது என்று எங்கோ படித்து, யோசிக்காமல் அதையும் செய்தேன். வைஃபை வந்தது, இணையம் வரவில்லை. எங்கள் ஊர்ச் சேவை நிறுவனம், ரவுட்டரில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இட்டு இணையும் பிபிபிஓஇ முறையில் இணைப்புத் தருகிறது. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இணைப்புப் போட வந்தவர் தன் கைப்பேசியைப் பார்த்துத் தட்டச்சு செய்தவை, என்னிடம் இல்லை. அழைத்துக் கேட்டு வாங்கி இட்ட பிறகும் இணைப்பு வரவில்லை. மறுநாள் மாலைதான் காரணம் தெரிந்தது: அவர்கள் நான் முதன்முதலில் வைத்திருந்த பழைய ரவுட்டரின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, தங்கள் பதிவில் கட்டி வைத்திருந்தார்கள், புதிய ரவுட்டர் மாற்றியபோது அந்தப் பழைய முகவரியை இதில் குளோன் செய்து (நகலெடுத்து வைத்து) கொடுத்திருக்கிறார்கள், ரீசெட் செய்ததும் குளோன் போய்விட்டது.

எனவே ஐயா, தொடங்குவதற்கு முன் இன்டர்நெட் என்ற பக்கத்தைத் திறந்து, இணைப்பு வகை என்ன, பயனர்பெயர் என்ன, விலான் எண் (இணைப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டும் எண்) ஏதேனும் இட்டிருக்கிறதா, மேக் குளோன் என்ற இடத்தில் எது தேர்வாகியிருக்கிறது என்று எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் புள்ளிகளாக மறைந்திருந்தால் நிறுவனத்திடம் கேட்டுத் தாளில் எழுதி வையுங்கள். பேக்கப் கோப்பும் எடுத்து வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்; பழைய ஃபர்ம்வேரில் எடுத்த பேக்கப்பைப் புதியது சில நேரங்களில் ஏற்றுக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமை இரவில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஏதேனும் ஆனால் அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

நள்ளிரவுநிரலர் எழுதியது:

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள் என்பதால் கேட்கிறேன்: ரவுட்டர்களுக்கான திறந்தமூல ஃபர்ம்வேரான ஓப்பன்-டபிள்யூஆர்டியை நிறுவிவிடலாமே? லிங்க்சிஸின் அந்த நீல ரவுட்டருக்கான மூலநிரலை, அதைப் பொதுவில் தர வேண்டும் என்று கேட்கும் ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமத்தின் கட்டாயத்தால் 2003-இல் வெளியிட நேர்ந்ததும், அதை வைத்து 2004-இல் தொடங்கிய திட்டம் இது. தயாரித்த நிறுவனம் கைவிட்ட ரவுட்டர்களுக்கும் இன்றுவரை பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. சி6-இன் மூன்றாம் பதிப்பும் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறது.

பழையமோடம் எழுதியது:

நண்பரே, ஓப்பன்-டபிள்யூஆர்டியை நானே பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்துகிறேன். அதன்மீது எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் நிறுவியதும் வைஃபை அணைந்தே இருக்கும், கேபிளில் நுழைந்து நாமேதான் அதை இயக்க வேண்டும். முதல்முறைக்கு ஃபேக்டரி என்ற பெயருள்ள கோப்பு, அடுத்தடுத்த முறைகளுக்குச் சிஸ்அப்கிரேடு என்ற பெயருள்ள கோப்பு என்று பார்த்து எடுக்க வேண்டும். மகளின் வகுப்பு கெட்டுவிடக் கூடாதே என்று தயங்கும் ஒருவருக்கு, நிறுவனம் தரும் அதிகாரப்பூர்வக் கோப்பு இருக்கும்வரை, இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ரவுட்டருக்கு நிறுவனம் ஆதரவை நிறுத்திய பிறகு, புதியதை வாங்கிவிட்டுப் பழையதில் அவர் ஆசைதீரச் செய்து பார்க்கலாம்.

கொடிவேரி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை முடித்துவிட்டேன் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். ஒட்டுத்தாளின் மேல் பல்லி எச்சமிட்டு எண் பாதி மறைந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்த பிறகு 3.0 என்று தெரிந்தது. நான் இறக்கியிருந்த கோப்பின் பெயரிலோ நான்காம் பதிப்புக்கான குறி தெளிவாகவே இருந்திருக்கிறது. மாணவர்களிடம் வினாத்தாளை இருமுறை படியுங்கள் என்று சொல்லும் நான் இதை ஒருமுறைகூடப் படிக்கவில்லை. பதிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்து மீண்டும் இறக்கியபோது அது ஸிப் கோப்பாக வந்தது. அதை அவிழ்த்து, உள்ளே இருந்த ‘பின்’ என்று முடியும் கோப்பைத்தான் கொடுக்க வேண்டும் என்பது கூட இருந்த குறிப்பைப் படித்ததால் தெரிந்தது.

இன்வெர்ட்டரில் யூபிஎஸ் நிலைக்கான சுவிட்ச் பின்பக்கம் இருந்தது. இத்தனை ஆண்டுகள் அது எதற்கென்றே எனக்குத் தெரியாது. அதை மாற்றிவிட்டு மெயினை அணைத்துப் பார்த்தேன், ரவுட்டர் அசையவில்லை. அக்கரைச்சீமை அவர்கள் சொன்னபடி எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்தேன். எங்களுக்கும் மேக் குளோன் இருந்தது. கோப்பைக் கொடுத்ததும் இம்முறை முன்னேற்றப் பட்டை ஓடத் தொடங்கியது. ஐம்பது விழுக்காட்டுக்கு அருகில் அது அப்படியே நின்றபோது என் கை தானாகவே சுவிட்சை நோக்கிப் போனது. ‘பதறிப் பிடுங்கிப் பாழானவை’ என்ற சொற்கள் நினைவுக்கு வந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் பட்டை நகர்ந்தது, விளக்குகள் எல்லாம் அணைந்தன, ஒவ்வொன்றாக எரிந்தன. தொடக்கம் முதல் இணையம் திரும்பும் வரை நான்கு நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலாக ஆனது. அமைப்புகள் எதுவும் அழியவில்லை. ரீசெட் செய்யவும் இல்லை. மேலாண்மைக் கடவுச்சொல்லை மாற்றினேன். ரிமோட் மேனேஜ்மென்ட் ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. எல்லாம் முடிந்த மிதப்பில், வைஃபை பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூபிஏ3 என்பதை நானாகவே தேர்ந்தெடுத்தேன். கைப்பேசிகளும் மடிக்கணினியும் இணைகின்றன. பழைய பிரிண்டர் மட்டும் வைஃபையில் இணைய மறுக்கிறது. கடவுச்சொல் சரிதான்.

தாமிரபரணி எழுதியது:

பிரிண்டர்மேல் குற்றமில்லை ஐயா. டபிள்யூபிஏ3 என்பது 2018-இல் அறிமுகமான முறை. அதற்கு முன் செய்த பிரிண்டருக்கு அந்த மொழி தெரியாது. பாதுகாப்புப் பட்டியலில் டபிள்யூபிஏ2-வும் டபிள்யூபிஏ3-யும் சேர்ந்த கலப்பு நிலை ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் இணையாத பிடிவாதக்காரப் பிரிண்டர்கள் சில உண்டு, அப்படியானால் 2.4 கிகாஹெர்ட்ஸில் விருந்தினர் வலையமைப்பு ஒன்றை டபிள்யூபிஏ2 முறையில் திறந்து, பிரிண்டரை அதில் விடுங்கள். ஆனால் விருந்தினர் வலையில் இருக்கும் கருவியை முதன்மை வலையில் இருக்கும் உங்கள் மடிக்கணினி பார்க்க முடியாதபடி இயல்பாகவே தடுப்பு இருக்கும். அதே பக்கத்தில், உள்வலையை அணுக விருந்தினர்களை அனுமதிப்பதற்கான கட்டத்தில் குறியிட்டால்தான் அச்சு வரும்.

கொடிவேரி எழுதியது:

கலப்பு நிலைக்கு மாற்றிப் பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டதும் இணைந்துவிட்டது அம்மா. விருந்தினர் வலை வரை போகவில்லை. மிக்க நன்றி.